கட்டிலுக்கு அடியில் ஒரு நாய்: மீட்கப்பட்ட நாயை வீட்டுக்குக் கூட்டிவருபவர்களுக்கு

எங்கள் மிளகு வந்த முதல் நான்கு நாட்களையும் கட்டிலுக்கு அடியிலேயே கழித்தாள். பகலில் மூக்கு நுனி மட்டும் வெளியே தெரியும். நடு ராத்திரியில், வீடு அடங்கிய பிறகு, தண்ணீரை நக்கிக் குடிக்கும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தூக்கம் வரும். என் மகளுக்கு முதல் நாளே முகம் வாடிவிட்டது. "நாமதானேப்பா இவளைக் காப்பாத்தினோம், அப்புறம் ஏன் நம்மளைப் பார்த்தே பயப்படுறா?" என்று கேட்டாள்.

காப்பாற்றப்பட்ட விஷயம் மிளகுக்குத் தெரியாது. அவள் பக்கத்திலிருந்து பாருங்கள்: முன்பின் தெரியாத சிலர் பழகிய இடத்திலிருந்து தூக்கி வண்டியில் ஏற்றினார்கள், தெரிந்த வாசனை ஒன்றுகூட இல்லாத ஒரு வீட்டில் இறக்கிக் கதவைச் சாத்தினார்கள். மனிதருக்கு இப்படி நடந்தால் கடத்தல் என்று வழக்குப் போடுவோம். தத்தெடுக்கும் குடும்பங்கள் செய்யும் தவறுகளில் பாதி, நாய் நன்றியோடு வாலாட்டிக்கொண்டு வரும் என்று நினைப்பதில்தான் ஆரம்பிக்கிறது. அந்த நினைப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டால், இனி சொல்லப்போவது எதுவும் அவ்வளவு கஷ்டமில்லை.

கூட்டிவருவதற்கு முன்னால்

வீட்டில் எல்லோரும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். காலையில் யார் வெளியே கூட்டிப்போவது, மழை பெய்தால் யார், நாய் வாந்தி எடுத்தால் யார் துடைப்பது, ஊருக்குப் போனால் யாரிடம் விடுவது. சாதாரணக் கேள்விகள்தான். ஆனால் நாய்கள் காப்பகத்துக்குத் திரும்பிப் போவது இந்தச் சாதாரண விஷயங்களால்தான். நாய் பத்துப் பதின்மூன்று வருடம் வாழும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை அது உங்களோடு இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். யாருக்காவது ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால், தத்தெடுக்கும் முன் நாய்கள் இருக்கும் ஒரு வீட்டில் அவர் அரை நாள் இருந்து பார்க்கட்டும்.

"சரி சரி, கொண்டு வா" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லும் ஆள் ஒருவர் எல்லா வீட்டிலும் உண்டு. அவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள். அது சம்மதம் இல்லை.

பணக் கணக்கில் சாப்பாட்டை மட்டும் போடாதீர்கள். முதல் வருடம் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, கருத்தடை எல்லாம் சேரும். எதிர்பாராத ஒரு சிகிச்சைக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். இன்னும் தயக்கம் இருந்தால், சில வாரங்களுக்கு மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று காப்பகத்தில் கேளுங்கள். பல இடங்களில் சந்தோஷமாகத் தருவார்கள். அவர்களுக்கும் ஒரு கூண்டு காலியாகும்.

எந்த நாய்?

எல்லோரும் குட்டிதான் கேட்கிறார்கள். குட்டியை நம் இஷ்டப்படி வளர்க்கலாம் என்று நினைப்பு. ஒரு குட்டி உலகத்தோடு பழகும் முக்கியமான காலம் ஏறத்தாழ 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை. மீட்கப்பட்ட குட்டிகள் பலவற்றுக்கு அதில் பாதி ஏற்கெனவே எங்கேயோ கழிந்திருக்கும். போதாததற்கு ராத்திரியில் இரண்டு, மூன்று தடவை எழுந்து வெளியே கூட்டிப்போக வேண்டும், பல் முளைக்கும்போது செருப்பெல்லாம் போகும். வளர்ந்த நாயிடம் இந்தத் தொல்லை குறைவு. அதன் உயரம், சுபாவம், சுறுசுறுப்பு எல்லாம் ஏற்கெனவே தெரிந்துவிட்டவை. வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு நான் இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாயைத்தான் சொல்வேன். வயதான நாய் இன்னும் நல்லது, ஆனால் யாரும் கேட்பதில்லை. வளர்ந்த நாய் எதையும் கற்காது, நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். வால் சுருண்டிருந்தால் சுருண்டிருக்கட்டுமே, அதை நிமிர்த்தி என்ன செய்யப்போகிறோம்? உட்கார், வா, இரு என்பதை எட்டு வயது நாயும் கற்றுக்கொள்ளும்.

ஒரே சந்திப்பில் முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் போய்ப் பாருங்கள். கூண்டுக்குள் கத்திக் குதிக்கும் நாய் வெளியே வந்ததும் சாந்தமாகிவிடலாம். முக்கியமான ஒன்று: மூலையில் அசையாமல் உட்கார்ந்து, தொட்டாலும் பேசாமல் இருக்கும் நாயைப் பார்த்து "எவ்வளவு அமைதி" என்று சொல்லிவிடாதீர்கள். அது பெரும்பாலும் அமைதி இல்லை, பயத்தில் உறைந்து போன நிலை. அதையும் தத்தெடுக்கலாம், நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். என்ன எடுக்கிறோம் என்று தெரிந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு சின்னச் சோதனை. நாயின் பக்கவாட்டில், ஆறேழு அடி தள்ளி, தரையில் உட்காருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். ஒரு தீனித் துண்டை அதன் பக்கமாக உருட்டிவிட்டு வேறெங்கோ பாருங்கள். வந்து எடுக்கிறதா, நீங்கள் பார்க்காதபோது மட்டும் எடுக்கிறதா, எடுக்கவே இல்லையா? இந்த மூன்றில் எது என்பது, வீட்டில் முதல் மாதம் எப்படி இருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடும்.

காப்பக ஊழியரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எங்கிருந்து வந்தது, யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழ்நிலையில் கடித்தது, சாப்பிடும்போது பக்கத்தில் போக முடிகிறதா, மற்ற நாய்களோடு, பூனைகளோடு, குழந்தைகளோடு எப்படி, என்னென்ன ஊசி போட்டிருக்கிறது, எப்போது. "தெரியவில்லை" என்று சொல்லும் ஊழியரை நம்பலாம். எல்லாக் கேள்விக்கும் "ரொம்ப நல்ல நாய்" என்ற ஒரே பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். மருத்துவத் தாள்களின் நகலை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரு மூலை

முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையோ அறையோ போதும். படுக்க ஒரு மெத்தை அல்லது பழைய போர்வை, தண்ணீர்க் கிண்ணம், மேலே துணி போட்டு மூடிய, கதவு திறந்தே இருக்கும் ஒரு கூண்டு. கூண்டு தண்டனைக்கு இல்லை. பின்பக்கமும் பக்கவாட்டும் மூடிய இடத்தில் நாய்க்குத் தைரியம் வரும். காப்பகத்தில் அது படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் அப்படியே கேட்டு வாங்கி வாருங்கள். மனிதரின் மூக்கில் 50 லட்சம் அளவுக்கு வாசனை உணர்விகள் என்றால் நாய்க்கு அது 20 கோடிக்கு மேல். புது வீட்டில் அதற்குத் தெரிந்த ஒரே பொருள் அந்த அழுக்குத் துணிதான்.

பிறகு நாய் உயரத்துக்குக் குனிந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நான் நிஜமாகவே முட்டி போட்டுச் சுற்றினேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சோபாவுக்குப் பின்னால் தொங்கிய சார்ஜர் வயர், மேசைக்கு அடியில் விழுந்து கிடந்த ஒரு மாத்திரை, கேட்டுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்த்த சூயிங்கம் இவை நாய்க்கு விஷம். நமக்குப் போடும் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளும் அப்படியே. குப்பைக்கூடைக்கு மூடி வாங்கிவிடுங்கள்.

கூட்டிவரும் நாள்

அடுத்த இரண்டு நாளாவது வீட்டில் இருக்க முடிகிற நாளாகப் பாருங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் எழுதிய வில்லை, வீட்டுக்கு வந்து மாட்டலாம் என்று இல்லாமல், காப்பகத்து வாசலிலேயே மாட்டியிருக்க வேண்டும். புதிதாக வந்த நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் ஆரம்ப நாட்களில்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆறாவது நாள். தெருமுனை வரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கேயோ ஒரு இரும்புக் கதவு தடாலென்று விழுந்தது. மிளகு பின்னோக்கி ஒரு இழு இழுத்தாள். கழுத்துப்பட்டை காதைத் தாண்டி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. என் கையில் கயிறும் வெறும் பட்டையும். நான் செய்த முதல் முட்டாள்தனம், பெயரைக் கத்திக்கொண்டு பின்னால் ஓடியது. அவள் இன்னும் வேகமாக ஓடினாள். இரண்டு தெரு தள்ளி ஒரு வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். என் மனைவி வந்து, வண்டிக்குப் பத்தடி தள்ளி முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பிஸ்கட் பொட்டலத்தை மெதுவாகக் கசக்கிக்கொண்டே இருந்தாள். நாற்பது நிமிடம். பிறகு ஒரு ஈர மூக்கு அவள் முழங்கையில் பட்டது.

அதனால் சொல்கிறேன்: கழுத்துப்பட்டையோடு, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் சேர்த்து மாட்டுங்கள். இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு. முதல் இரண்டு மாதம் வாசல் கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்த்துவிட்டுத் திறங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் கூடாது. ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், உட்காருங்கள். மைக்ரோசிப் பற்றியும் ஒரு வார்த்தை: அரிசி அளவு சிப்பில் இருப்பது ஓர் அடையாள எண் மட்டுமே. நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. யாராவது பிடித்துக்கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் பயன், அதுவும் உங்கள் விவரம் பதிவாகியிருந்தால்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளே நுழையும் முன் வெளியே ஒரு இடத்தில் சிறுநீர் கழிக்க நேரம் கொடுங்கள். அப்புறம் அமைதியாக உள்ளே கூட்டிப்போய் அதன் மூலையைக் காட்டுங்கள். அன்றைக்குக் குளிப்பாட்ட வேண்டாம், எவ்வளவு நாறினாலும். சொந்தக்காரர்களைப் பார்க்க வரச் சொல்லவும் வேண்டாம்.

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்

நாய் மீட்பில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் கணக்கு இது. பதற்றம் அடங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். இது விஞ்ஞான விதி இல்லை, அனுபவக் கணக்கு. மிளகு ஏழு மாதம் எடுத்துக்கொண்டாள்.

முதல் சில நாள் உங்கள் வேலை, பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி. குனிந்து கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்காதீர்கள். கையை நீட்டாதீர்கள், இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அதே அறையில் தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், புத்தகம் படியுங்கள், பேசிக்கொண்டிருங்கள். உங்கள் குரல் பழகட்டும். தானாக வந்து மோந்தால் அசையாமல் இருங்கள். மோந்த பிறகும் நகராமல் நின்றால், தலைமேல் இல்லை, மார்பிலோ தோள்பட்டையிலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டும் என்றால் அதுவே நெருங்கி வரும். வராவிட்டால் போதும் என்று அர்த்தம். வளர்ந்த நாய் சாதாரணமாகவே ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரம் தூங்கும். காப்பகச் சத்தத்தில் சரியாகத் தூங்காமல் வந்தது அதற்கும் மேலே தூங்கும். "எப்பப் பார்த்தாலும் தூங்குது, உடம்பு சரியில்லையோ" என்று தட்டி எழுப்பாதீர்கள்.

நேரத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, வெளியே போவது, விளக்கை அணைப்பது எல்லாம் தினமும் ஒரே நேரம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதியாகிவிடும், நமக்கும் அப்படித்தானே.

மருத்துவர்

முதல் வாரத்துக்குள் ஒரு தடவை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பெரிய நோய் அறிகுறி தெரிந்தால் அன்றைக்கே. பழைய ஊசி விவரம் எதுவும் இல்லாத நாயை, ஊசியே போடாத நாய் என்றுதான் மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் ஆகும் வரை கூட்டுத் தடுப்பூசி தொடரும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி தனி. அதை எக்காரணம் கொண்டும் தள்ளிப்போடாதீர்கள். எந்த நாயாவது கடித்தாலோ கீறினாலோ, புண்ணை உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். நம் வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள்.

மலத்தையும் ரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தெருவில் இருந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரியாமல் இருக்கலாம். ஈறு வெளிறிப்போவது, மூக்கில் ரத்தம், சோர்வு எல்லாம் பிறகுதான் வரும். கொசு மூலம் வரும் இதயப்புழு உள்ள பகுதி என்றால், தடுப்பு மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதனை அவசியம். புழு மாத்திரை, குட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆரம்பித்துப் பிறகு இடைவெளி கூடும். அளவு எடையைப் பொறுத்தது, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஒரு எச்சரிக்கை: நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனையைக் கொன்றுவிடும்.

குட்டி வாந்தி எடுத்து, ரத்தத்தோடு பேதியானால் அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம் வரைகூடக் கிடக்கும். அதனால் முன்பு பார்வோ வந்த வீட்டுக்கு, ஊசிகள் முடியாத குட்டியைக் கூட்டிவர வேண்டாம்.

கருத்தடை ஏற்கெனவே ஆகியிருந்தால் சில இடங்களில் காது நுனியில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து, யாரோ கொடுமை செய்துவிட்டார்கள் என்று கலங்க வேண்டாம்.

சாப்பாடும் மற்றதும்

காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே முதலில் கொடுங்கள். மாற்ற வேண்டுமானால் ஏழு முதல் பத்து நாளில், கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு போகும், அந்த வீட்டைத் துடைப்பது நீங்கள்தான். பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாக வந்த நாயைப் பார்த்து மனசு கேட்காமல் வயிறு முட்டப் போடுவது ஆபத்து. திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் உப்புகளின் அளவு குலைந்து உயிருக்கே கேடாகலாம். சின்னச் சின்ன அளவாக, நாளைக்கு நான்கைந்து வேளை, மருத்துவர் சொன்ன கணக்கில். வேகவைத்த எலும்பு எப்போதுமே வேண்டாம். சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் குத்தும்.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டாவது நாளும் தொடவில்லை என்றால், அல்லது குட்டியாக இருந்தால், மருத்துவரைக் கேளுங்கள்.

வீட்டுக்குள் மூத்திரம் போவது பற்றி: போகும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப்போங்கள். ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள். போனவுடனே, அங்கேயே நின்று, ஒரு துண்டு தீனி. வீட்டுக்குள் வந்து கொடுத்தால், எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குப் புரியாது. உள்ளே போய்விட்டால் பேசாமல் துடைத்துவிடுங்கள். மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதால் அது கற்றுக்கொள்வது, உங்கள் கண்ணில் படாமல் சோபாவுக்குப் பின்னால் போக வேண்டும் என்பதைத்தான். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். அந்த வாடை மூத்திர வாடை போலவே இருக்கும்.

"தப்பு செய்தது அதுக்கே தெரியும், முகத்தைப் பாருங்க" என்பார்கள். 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தீனியைத் திருடாத நாயையும், திருடிவிட்டது என்று நினைத்து உரிமையாளர் திட்டினால், அதே 'குற்ற முகம்' வந்தது. தப்பே செய்யாத நாய்களிடம் இன்னும் தூக்கலாகவே வந்தது. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில், அவ்வளவுதான்.

நாய் சொல்வதைக் கேட்பது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவதாக இருந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. நமக்குத்தான் திடீரென்று தெரிகிறது. முதலில் முகத்தைத் திருப்பும். தீனி எதுவும் இல்லாமலே உதட்டை நக்கும். தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும். காது பின்னால் படியும், முன்னங்கால் ஒன்று மெல்ல உயரும். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும்போது வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அப்புறம் உடம்பு விறைக்கும், மூச்சு ஒரு கணம் நிற்கும். அதற்குப் பிறகுதான் உறுமல், அதற்கும் பிறகுதான் பல். வாலாட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். இடுப்பு முழுக்க ஆடி, உடம்பு குழைந்திருந்தால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, நுனி மட்டும் படபடவென்று ஆடினால் ஓர் அடி பின்னால் வந்துவிடுங்கள்.

உறுமினால் திட்டவோ அடிக்கவோ கூடாது. உறுமல் என்பது எச்சரிக்கை மணி. மணியை உடைத்துவிட்டால் அடுத்த தடவை மணியடிக்காமலே பல் பதியும். உறுமியதும் நிறுத்தி, விலகி, எது பிடிக்கவில்லை என்று யோசியுங்கள்.

"நீதான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாக்கப் போட்டு அமுக்கு" என்று அக்கம்பக்கத்தில் யாராவது வந்து சொல்வார்கள். அந்த எண்ணத்துக்கு வேர், 1947-இல் ருடால்ஃப் ஷெங்கெல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. பிறகு காட்டில் ஓநாய்களைக் கவனித்த டேவிட் மெக், கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதிவிட்டார். அது அக்கம்பக்கத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

குழந்தைகள், மற்ற பிராணிகள்

சின்னக் குழந்தையையும் புது நாயையும் தனியாக விட வேண்டாம், ஒரு நிமிடம்கூட. கதவைத் திறந்து பால் வாங்கும் நேரம்கூட அதிகம்தான். குழந்தைகளுக்கு நான்கு விதி போதும்: சாப்பிடும் நாயைத் தொடாதே, தூங்கும் நாயைத் தொடாதே, கட்டிப்பிடிக்காதே, மூலைக்குள் போனால் பின்னால் போகாதே. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு, பல நாய்களுக்கு அது பிடியில் மாட்டிக்கொள்வது. என் மகளுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தோம்: தினம் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பது. மூன்றாவது வாரம் ஒரு பாதம் வெளியே வந்து அவள் நோட்டின் மேல் இருந்தது. மகள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டு.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், பொதுவான ஒரு இடத்தில். ஆளுக்கொரு நாயாகப் பிடித்துக்கொண்டு, நல்ல இடைவெளி விட்டு, ஒரே திசையில் பக்கம்பக்கமாக நடங்கள். இரண்டும் தளர்வாக நடக்க ஆரம்பித்த பிறகு இடைவெளியைக் குறையுங்கள். முகத்துக்கு முகம் நேராக நிறுத்தாதீர்கள், கயிற்றையும் இறுக்கி இழுக்காதீர்கள். வீட்டில் கிண்ணம், படுக்கை, பொம்மை எல்லாம் தனித்தனி. முதல் வாரங்களில் சாப்பாடும் தனித்தனி அறையில். பூனை என்றால் நடுவே ஒரு தடுப்பும், பூனை ஏறித் தப்பிக்க உயரமான ஒரு இடமும் வேண்டும். நாய் கயிற்றிலேயே இருக்கட்டும். பூனையைப் பார்த்ததும் வெறித்து உறைந்து நிற்கும் நாயை அவசரப்பட்டு அவிழ்க்காதீர்கள்.

தனியாக இருக்கப் பழக்குவது

இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எட்டு மணி நேரம் பூட்டிவிட்டுப் போனால் நாய் கதவைச் சுரண்டத்தான் செய்யும். முதல் நாளிலிருந்தே சில்லறையாகப் பழக்குங்கள். அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அரை நிமிடத்தில் வாருங்கள். அப்புறம் இரண்டு நிமிடம், பத்து நிமிடம். போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். சாவியை எடுத்தாலே நடுங்குகிறது என்றால், சாவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் சோபாவில் உட்காருங்கள், நாளைக்குப் பத்துத் தடவை. கதவு, சன்னலை உடைத்துத் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் போனால் அது அடம் இல்லை, பீதி. மருத்துவரின் உதவி தேவை, சில சமயம் மருந்தும் தேவைப்படும்.

மூன்றாவது வாரம்

ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்த நாய் திடீரென்று வாசலில் வருபவரைப் பார்த்துக் குரைக்கும், செருப்பைத் தூக்கும், கிண்ணத்துக்குப் பக்கத்தில் போனால் உறுமும். கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயம் தெளிந்து, நிஜமான நாய் இப்போதுதான் வெளியே வருகிறது. இந்தச் சமயத்தில்தான் பலர் காப்பகத்துக்குப் போன் செய்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பொறுங்கள்.

கிண்ணத்தைக் காக்கும் நாய்க்கு, சாப்பிடும்போது கையை விட்டுப் பழக்கு என்பது தப்பான யோசனை. பறிக்க வருகிறார்கள் என்ற சந்தேகத்தை நாமே உறுதிப்படுத்துகிறோம். அதற்குப் பதிலாக, அது விறைக்காத தூரத்தில் நடந்து போகும்போது, கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒன்றை அதன் பக்கம் எறிந்துவிட்டு நிற்காமல் போய்விடுங்கள். நாள் போகப்போக நீங்கள் வரும் திசையைப் பார்த்து வாலாட்டும். வாயில் கவ்விய செருப்பையும் பிடுங்காதீர்கள், ஒரு தீனிக்குப் பண்டமாற்றுச் செய்யுங்கள்.

எல்லாம் செய்தும் ஒத்துவராத சந்தர்ப்பங்கள் உண்டு. வீட்டில் இருக்கும் குழந்தையைக் கடிக்கப் போகிறது, அல்லது ஏற்கெனவே உள்ள நாயோடு ரத்தம் வரும் அளவுக்குச் சண்டை என்றால், அடித்துப் பழக்காத, தகுதியுள்ள ஒரு பயிற்சியாளரைக் கேளுங்கள். அவரும் முடியாது என்றால் காப்பகத்திடம் உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள், அடுத்த வீடு அதற்குப் பொருத்தமாக அமைய அது உதவும். கண்காணாத இடத்தில் அவிழ்த்துவிட்டு வருவது மட்டும் கூடாது.

மிளகு இப்போது சோபாவில் மல்லாந்து தூங்குகிறாள், வீட்டில் பாதி இடம் அவளுடையது. ஆனால் துடைப்பத்தைக் கண்டால் இன்றைக்கும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். யார், எங்கே, எதற்காக அடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் பெருக்குவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர், "மிளகு, பெருக்கப் போறோம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுக்கிறோம்.